அடி இருக்கு, ஆள் எங்கே?

சத்தத்துக்குச் சாதி கிடையாது என்று ஒரு தோழர் என்னோடு மல்லுக்கு நின்றார். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். எதிரே கல்யாண மண்டபம். உள்ளேயிருந்து வந்த பறைச் சத்தம் தெருவையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. கல்யாணம் ஊர்க்காரர்களுடையது. 'பாத்தீங்களா தோழர், நம்ம பறை அவங்க மண்டபத்துக்குள்ளயே பூந்துடுச்சி. இனிமே யாரு தடுக்கறது?' என்றார். எட்டிப் பார்த்தேன். மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு ஆக்டபேட், ரெண்டு பையன்கள், ஆளுயரத்துக்கு பேஸ் பாக்ஸ் நாலு. பறை அடிக்கிறவர் ஒருத்தர்கூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பறை உள்ளே போய்விட்டது, சரி. அடிச்சவர் எங்கே? அவர் வெளியே நிற்கிற வரைக்கும்தான் அந்தச் சத்தத்துக்கு உள்ளே இடம் என்றால் அதற்குப் பெயர் என்ன? தொடாமலேயே வேலை வாங்கிக்கொள்வது தீண்டாமையின் பழைய சாமர்த்தியம். கொல்லைப்புறமாக வரச் சொல்வார்கள், தூர நின்று அடிக்கச் சொல்வார்கள், கூலியைத் தரையில் வைப்பார்கள். இப்போது அந்தச் சிரமமும் அவர்களுக்கு மிச்சம். ஆள் வராமலேயே அடி வந்துவிடுகிறது. தீட்டுக் கழித்த சத்தம், பென் டிரைவில்.

இதை ஆவேசமாகச் சொல்லி நாலு கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்தச் சத்தம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நாம் போடுகிற கூச்சலால் ஒரு பைசாப் பிரயோசனம் கிடையாது என்று எனக்குப் படுகிறது. பண்பாட்டு அரசியல் என்று பேசுகிறோம். பண்பாடு இன்றைக்கு எந்த மெஷினில், எந்த மென்பொருளில் உற்பத்தியாகிறது என்று பார்க்க வேண்டாமா? ஆகவே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசப்போகிறேன். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

சினிமாப் பாட்டிலோ, திருவிழா ரீமிக்ஸிலோ 'தொம்' என்று ஒரு அடி விழுகிறதே, அது பெரும்பாலும் ஒரே அடி கிடையாது. மூன்று நான்கு சத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காதுக்கு ஒன்று போலக் காட்டுவது. இதை லேயரிங் என்கிறார்கள். நான் அடுக்குதல் என்றே சொல்கிறேன்.

அடியில் ஒன்று வைக்கிறார்கள். 40லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள தாழ்ந்த அதிர்வு. காதில் கேட்பதைவிட நெஞ்சில் இடிப்பது இதுதான். இதைச் சிந்தசைசரிலேயே செய்துகொள்கிறார்கள். நடுவில் ஒன்று, 100லிருந்து 250க்குள். மேளத்துக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்று நம்மை நம்பவைப்பது. மேலே ஒன்று, ஏறத்தாழ 2000த்துக்கும் 5000த்துக்கும் இடையில். குச்சி தோலில் படுகிறபோது வருகிற 'டக்'. செல்போனில் பாட்டுக் கேட்கிறவனுக்கு அடியில் இருப்பது அநேகமாகக் கேட்காது, அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ இறங்க முடியாது. அவனுக்குக் கிடைப்பது மேலடுக்கு. திருவிழா பேஸ் பாக்ஸ் முன்னால் நிற்கிறவனுக்குக் கிடைப்பது கீழடுக்கு. இருவருக்கும் அடி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அடுக்கு வேலை.

மெஷின் அடி எங்கிருந்து வந்தது? 1980இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டி.ஆர்.808 என்றொரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதில் தோல் கிடையாது, கட்டை கிடையாது, குச்சி கிடையாது. ஒரு மின்சுற்று ஊசலாடி அடங்குவதுதான் அதன் 'தொம்'. நிஜ மேளம் மாதிரி இல்லை என்று பலரும் முகம் சுளித்தார்கள். ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு 1983இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். விலை விழுந்து பழைய சாமான் கடைகளுக்கு அது வந்தபிறகு, புதுசு வாங்கக் காசில்லாத அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் கையில் அகப்பட்டது. மற்றவர்கள் குறை என்று ஒதுக்கிய அந்த நீண்ட தாழ்ந்த அதிர்வையே அவர்கள் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கார் ஃபேக்டரிகளின் ஊரான டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற கறுப்பின இளைஞர்கள் இதுபோன்ற மலிவுப் பெட்டிகளை வைத்து டெக்னோ என்ற இசை வகையையே உண்டாக்கினார்கள். தோல் ஃபேக்டரிகளின் ஊர்க்காரர்களான நாம் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மெஷின் யாருக்கும் பிறப்புரிமை இல்லை. கையில் எடுத்தவனுக்கு அது பேசும்.

தமிழிலும் இது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1986இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் வழி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ரோஜா வந்தபிறகு சத்தங்களை அடுக்கிக் கட்டுவது இங்கே சாதாரண வேலை முறையாகிவிட்டது.

*

சரி, இந்த அடுக்கில் பறை எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் உச்சியில். குச்சியின் அந்த 'டக்' மட்டும் போதும் அவர்களுக்கு. உச்சியில் இருப்பதால் பறை உயர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆம்பூர், பேர்ணாம்பட்டு டேனரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்ப்ளிட்டிங் மெஷின் தெரியும். மாட்டுத் தோலை அதில் விட்டால் உள்ளே ஓடுகிற கத்தி தோலைப் படுக்கைவாட்டில் இரண்டாகச் சீவிவிடும். மேல்பக்கம் கிரெய்ன், அதற்குத்தான் நல்ல விலை, அதுதான் ஷூவாகி வெளிநாடு போகும். கீழ்ப்பக்கம் ஸ்ப்ளிட், மலிவு விலைக்கு. மாடு ஒன்றுதான், தோல் ஒன்றுதான், கத்திதான் இரண்டாக்குகிறது.

பறைச் சத்தத்தையும் இப்படித்தான் சீவுகிறார்கள். ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுப் பறையின் உடம்பை வடித்துக் கீழே ஊற்றிவிட்டு, விலைபோகிற 'டக்'கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு இருந்த இடத்தில் மெஷினின் உடம்பை ஒட்டுகிறார்கள். கேட்கிறவனுக்கு 'ஃபோக் ஃபீல்' வந்துவிடும். அந்தத் துண்டுக்கு 'எத்னிக்' என்றோ 'ட்ரைபல்' என்றோ ஒரு பெயர், பக்கத்தில் ஒரு நம்பர். யார் அடித்தது, எந்த ஊர், என்ன அடி, சாவுக்கா சாமிக்கா, எதுவும் இருக்காது.

இங்கேதான் சத்தத்துக்குச் சாதி இல்லை என்ற வாதம் உடைகிறது. அலைக்குச் சாதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அலையைச் சீவுகிற கத்தி யார் கையில் இருக்கிறது, சீவிய துண்டுக்கு யார் பெயர் வைக்கிறார்கள், பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதற்கெல்லாம் சாதி இருக்கிறது. ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு மரியாதை, ஒரு விலை என்று வைத்ததுதான் சாதி என்று அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கிவிட்டுப் போயிருக்கிறார். படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அதைச் சொல்கிறோம். ஆகவே அடுக்கு என்று யார் எதைச் சொன்னாலும் நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். அதுதான் ஆரோக்கியம்.

*

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பீர்கள். பாகாயத்தில், ஓட்டேரி போகிற வழியில் ஒரு பத்துக்குப் பத்து ரூமில்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், காலேஜ் முடித்தவன், பழைய லேப்டாப் ஒன்றில் எஃப்.எல். ஸ்டுடியோ வைத்துக்கொண்டு திருவிழாக்களுக்கு மிக்ஸ் போட்டுத் தருகிறான். அம்பேத்கர் பிறந்த நாளுக்கு ஒரு பாட்டு செய்யலாம் என்று அவனும் நானும் பேசினோம். எழுத்து என்னுடையது, இசை அவனுடையது. பறைக்கு என்ன செய்வாய் என்றேன். 'பேக்ல இருக்குதுண்ணா' என்றான். பேக் என்றால் காசு கொடுத்தோ கொடுக்காமலோ இறக்கி வைத்திருக்கும் சத்தங்களின் மூட்டை. எனக்குச் சுருக்கென்றது. நம்ம தெருவிலேயே மோளக்காரர் இருக்கிறார், பேக்கில் எதற்குடா தேடுகிறாய்?

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். முப்பது வருசம் டேனரி வேலை, அதற்கு முன்னாலிருந்தே மோளம். பறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரூமுக்கு வெளியே காகிதத்தையும் தென்னமட்டையையும் கொளுத்தித் தோலைக் காய வைத்தார். அடிக்குச்சியால் நடுவில் ஒன்று, சிம்புக்குச்சியால் ஓரத்தில் ஒன்று. தெருவே எழுந்து வந்துவிட்டது. பையன் மைக்கை வைத்துப் பதிவு செய்தான்.

பதிந்ததற்குக் கீழே அவன் ஒரு சிந்த் அடியை வைத்தான். பறையின் தொனிக்கே சுருதி சேர்த்து வைத்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். தனியாகக் கேட்டபோது கனமாக இருந்த பறை, சேர்த்துக் கேட்கிறபோது காலி டின் மாதிரி இருந்தது. மாமாதான் முதலில் வாய் திறந்தார்: 'இன்னாப்பா இது, ரெண்டு பேரு சேந்து அடிச்சா சத்தம் ஏறணும். இங்க எறங்குது. யாரோ ஒருத்தன் ஏமாத்துறான்.'

ஏமாற்றுவது ஃபேஸ். சத்தம் என்பது காற்றில் ஏறி இறங்குகிற அலை. பையனின் திரையில் அந்தப் பறையின் அடித்தொனி 180 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு தட்டியிருந்தது. அந்த அலை ஒரு முறை ஏறி இறங்க ஐந்தரை மில்லிசெகண்ட் ஆகும். அதில் பாதி, அதாவது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவாக, ஒரு சத்தம் பின்தங்கினால் போதும். ஒன்று ஏறுகிறபோது இன்னொன்று இறங்கும். ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு பலசாலிகளைச் சேர்த்துவிட்டு ஒரு நோஞ்சானைப் பெற்றுக்கொள்வது இப்படித்தான். காதால் அந்த இடைவெளியைப் பிரித்துச் சொல்ல முடியாது, விளைவை மட்டும்தான் உணர முடியும்.

சரி செய்வது கஷ்டமில்லை. ஒன்றை மெல்ல நகர்த்தி இரண்டு அலையும் சேர்ந்து ஏறுமாறு வைக்க வேண்டும், அல்லது ஒன்றைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். கேள்வி, எதை நகர்த்துவது? பையன் பழக்கத்தில் பறையைப் பிடித்து இழுக்கப் போனான். மெஷின் கட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது, பறைதான் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது, ஆகவே தப்பு பறையுடையது என்பது அவன் கணக்கு. நான் சொன்னேன்: 'தம்பி, மெஷினை நகத்துடா. அதுக்கு வலிக்காது.'

சிரித்தான், நகர்த்தினான். சத்தம் எழுந்து நின்றது.

*

அந்தச் சாயங்காலம் எனக்கு விளங்கியது இதுதான். அடுக்குவதில் தப்பில்லை. எது எதற்காக இடம் மாற வேண்டும் என்ற தீர்மானத்தில்தான் அரசியல் இருக்கிறது. அந்தத் தீர்மானம் ஒவ்வொரு கட்டத்திலும் வருகிறது. தெரியாமல் விட்டால் மெஷினே நமக்காகத் தீர்மானித்துவிடும், மெஷினைச் செய்தவனின் பழக்கப்படி.

மூன்று இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, காலம். மென்பொருளில் குவான்டைஸ் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் எல்லா அடியும் கட்டத்துக்குள் போய் உட்காரும். மாமாவின் அடி எப்போதும் ஒரு மயிரிழை முன்னாலோ பின்னாலோ விழுகிறது. அது தப்பு இல்லை, அதுதான் நடை. சாவுக்கு அடிக்கும்போது இழுத்துப் பிடிப்பதும் சாமிக்கு அடிக்கும்போது முந்திக்கொண்டு போவதும் அந்த மயிரிழையில்தான் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் சாவும் சாமியும் ஒன்றாகிவிடும்.

இரண்டு, பலம். ஒரே ஒரு அடியைப் பதிந்துகொண்டு அதையே நூறு முறை ஒட்டினால் மெஷின் கன் சுடுவது போலக் கேட்கும். மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று ஒவ்வொன்றிலும் நாலைந்து அடிகளைப் பதிந்து மாற்றி மாற்றி வைக்க வேண்டும். தோல் சூட்டோடு இருக்கும்போது ஒரு தொனி, ஆறினதும் ஒரு தொனி. பறையைக் கீபோர்டின் சுருதிக்கு இழுக்காமல், பறை எந்தச் சூட்டில் நிற்கிறதோ அந்தத் தொனிக்குச் சிந்தை இறக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று, இடம். தாழ்ந்த சத்தங்கள் இரண்டு ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டால் இரண்டும் கலங்கும். அதற்கு சைட்செயின் என்று ஒரு முறை உண்டு. ஒரு சத்தம் விழுகிற கணத்தில் இன்னொரு சத்தம் தானாகத் தணிந்து வழி விடும், அது முடிந்ததும் திரும்ப ஏறிக்கொள்ளும். எங்கள் பாட்டில் பறை விழுகிறபோதெல்லாம் சிந்த் தணிந்து வழி விடுகிறது. ஊரில் நடக்காததை ஒரு நாலு நிமிசப் பாட்டிலாவது நடத்திப் பார்த்தோம் என்று சொன்னால் சில தோழர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

*

இப்போது இன்னொரு தோழருக்குப் பதில் சொல்ல வேண்டும். பறையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதே பண்பாட்டுக் கொலை, அதன் ஆதிச் சத்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார் அவர். எனக்கு இந்த ஆதி என்ற சொல்லைக் கேட்டால் பயம். பறையை மாறாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்கிறவன் பறையரையும் மாறாமல் அப்படியே இருக்கச் சொல்வான்.

1990களில் நம் இயக்கங்களுக்குள் நடந்த வாதம் ஞாபகம் இருக்க வேண்டும். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், அது இழிவு என்று பல ஊர்களில் மறுத்தார்கள். அடியும் உதையும் வாங்கிக்கொண்டு மறுத்தார்கள். அந்த மறுப்பில் கிடைத்த மானத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. இன்னொரு பக்கம், பறையை விடுதலையின் கருவியாக எடுப்போம் என்றார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், கோயில் பாட்டுக்கே கிராமிய இசையையும் பறையையும் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆம்பளை மோளத்தைப் பொம்பளை தொடுவதா என்று கேட்ட நம்ம ஆட்களுக்கும் அது பதில். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது பறையும் சட்டியும் ட்ரம்ஸும் கிடாரும் ஒரே தளத்தில் நின்றன. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்த பெயர் அது. அங்கே பறை ஓரத்து வாசனைப் பொருளாக இல்லை. அடித்தவர்களின் முகம் தெரிந்தது.

அடிக்க மறுத்தவர்களும் கையில் எடுத்தவர்களும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: எப்போது, யாருக்காக, எந்த மரியாதையோடு அடிப்பது என்பதை யார் முடிவு செய்வது? மறுத்தவர்களின் போராட்டத்துக்கு இன்று வந்திருக்கிற ஆபத்தைப் பாருங்கள். நீ மறுத்தால் எனக்கென்ன, என்னிடம் உன் சத்தம் இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு முடிகிறது. வேலைநிறுத்தம் செய்கிற கையை மெஷின் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே, அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை முழுமை பெற வேண்டுமானால், பதிந்த அடியின் மீதும் நமக்கு உரிமை வேண்டும்.

*

பதிந்த அடியின் உரிமை என்றால் பணமும் பெயரும்.

1969இல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஆமென் பிரதர் என்றொரு பாட்டை வெளியிட்டது. நடுவில் ஏழு செகண்டுக்கு கிரகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனியாக ட்ரம்ஸ் அடித்திருந்தார். பின்னால் சாம்ப்ளர் மெஷின்கள் வந்தபோது அந்த ஏழு செகண்டை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வைத்தார்கள். ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதன் மேல்தான் கட்டப்பட்டன. கோல்மனுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. 2006இல் வீடில்லாமல் வறுமையில் செத்துப்போனார். 2015இல் இசை ரசிகர்கள் சிலர் வெட்கப்பட்டு நன்கொடை திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அடித்தவர் அப்போது உயிரோடு இல்லை.

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? நம் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. 2021 மார்ச்சில் வெளியான எஞ்சாய் எஞ்சாமியில் தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தலைமுறையின் வாழ்க்கையை உலகமே ஆடிப் பாட வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் அவர் படம் இல்லை. பா.ரஞ்சித் உட்படப் பலரும் கேட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். அந்தப் பாட்டில் யார் எதைச் செய்தார் என்று 2022இல் அவர்களுக்குள் பொதுவெளியில் எழுந்த சர்ச்சையில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, தனக்கும் தீக்கும் அறிவுக்கும் அந்தப் பாட்டால் வருமானமே வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டின் கதி இது. புகழ் பெற்றவர்களுக்கே இப்படி என்றால் பாகாயத்து மோளக்காரர் எந்த மூலைக்கு?

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரித்தவர். அடித்தவர் இல்லை. காலங்காலமாக வருகிற ஒரு அடிமுறைக்கு ஆசிரியர் என்று தனியொருவரைக் காட்டவும் முடியாது. ஆனால் 2012இல் வந்த திருத்தம் நிகழ்த்துகிற கலைஞருக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது. அவருடைய நிகழ்த்துதலை வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையும் உண்டு. காகிதத்தில் இருக்கிறது. கேட்க ஆள் இல்லை, கேட்க வேண்டும் என்று தெரிந்தவரும் இல்லை. ஒரு நாள் கூலி, ஒரு பிரியாணிப் பொட்டலம், தோளில் ஒரு தட்டு, அவ்வளவில் ரெக்கார்டிங் முடிந்துவிடுகிறது.

நான் பேங்க்கில் குமாஸ்தா. நூறு ரூபாய் எடுக்க வந்தாலும் ஸ்லிப்பில் பெயர் வேண்டும், கையெழுத்து வேண்டும், எழுதத் தெரியாதவர் என்றால் ரேகை வேண்டும். அவருடைய பணத்தை எடுக்க அவரிடமே இத்தனை கேட்கிறோம். அவருடைய வாழ்நாள் அடியை எடுத்துக்கொள்ள ஒருவரும் ஒரு கையெழுத்து கேட்பதில்லை.

*

ஆகவே நம் மாணவத் தோழர்களுக்கு, லேப்டாப் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்.

கற்றுக்கொள்ளுங்கள். அடுக்குவது எப்படி, வடிகட்டுவது எப்படி, நகர்த்துவது எப்படி என்று முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். மார்க்ஸ் படிப்பது போல, அம்பேத்கர் படிப்பது போல இதையும் உட்கார்ந்து படியுங்கள். பறைக்குக் கீழே சிந்த் வேண்டுமா, வையுங்கள். இன்னும் பத்து அடுக்கு வையுங்கள். தூய்மை பேச நமக்கு நேரமில்லை, தூய்மையால் செத்தவர்கள் நாம். பேக்கில் தேடுவதற்கு முன்னால் தெருவில் தேடுங்கள். பறை, பம்பை, சட்டி, உடுக்கை அடிக்கிறவர்கள் நம்மோடு இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்யுங்கள். பதிகிறபோதே ஒரு பக்கக் காகிதத்தில் யார் அடித்தது, என்ன அடி, எந்த ஊர், எந்தத் தேதி, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். வராத பணத்துக்கு எதற்குக் காகிதம் என்பார்கள். வந்தபிறகு எழுதலாம் என்று விட்ட இடத்தில்தான் எல்லாம் போயிற்று. சங்கமோ படிப்பகமோ இருக்கிற ஊரில் இந்தப் பதிவுகளை அங்கேயே ஒரு பொதுச் சேமிப்பாக வையுங்கள். எடுக்கிறவன் கேட்டு எடுக்கட்டும், பெயர் போட்டு எடுக்கட்டும், கூலி கொடுத்து எடுக்கட்டும்.

இதனால் சாதி ஒழிந்துவிடாது. நிலமும் டேனரிச் சம்பளமும் பாலாற்றுத் தண்ணியும் இதனால் திரும்பி வந்துவிடாது. அது தெரியாமல் எழுதவில்லை. ஆனால் சேரியிலிருந்து எடுத்துப்போய்ப் பெயரில்லாமல் விற்கப்படுகிற பொருள்களின் பட்டியல் நீளமானது. அதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்றையாவது நம் கண் முன்னால் விட்டுவிடக் கூடாது.

எங்கள் பாட்டு முடிந்த அன்று பையன் பறைப் பதிவுகளை லேப்டாப்பில் சேமித்துக்கொண்டிருந்தான். முதலில் 'பெர்க் 1', 'பெர்க் 2' என்று போட்டான். பழக்கம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'இன்னாடா எழுதற?' என்றார். பையன் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு அழித்துவிட்டு அவர் பெயரையும், அவர் அப்பா பெயரின் முதலெழுத்தையும், பாகாயம் என்பதையும், தேதியையும் போட்டான். நாற்பத்திரண்டு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் போட்டான். மாமா கடைசி வரைக்கும் இருந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.